சரியாகச் செய்கிறவளுக்கு ஒரு வார்த்தை

ஜூலை 4

டீச்சரம்மா அவர்களுக்கு,

இப்படிக் கூப்பிட்டதிலேயே நான் என்ன மனநிலையில் எழுதுகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

நேற்று இங்கே ஷூ கம்பெனி விடுதிக்கு உங்கள் பள்ளியிலிருந்து ஒரு தபால் வந்தது. தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டது. என் மகள் கணக்கிலும் எழுத்திலும் பின்தங்கிவிட்டாளாம். ஆகஸ்ட் முதல் வாரம் அவளுக்கு ஒரு தேர்வு வைப்பார்களாம். தேறாவிட்டால் தனிக் கவனிப்பு வகுப்புக்கு மாற்றிவிடுவார்களாம். நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்பப் படித்தேன். விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். என் மகளா? பள்ளியில் சேர்வதற்கு முன்பே கடைப் பலகைகளை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்து, என்னை ஒரு தெரு தாண்டவிடாமல் படுத்திய என் பட்டாணியா?

அவள் உன் வீட்டில் இருக்கிறாள். உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அத்தையும் நீதான், டீச்சரும் நீதான். இந்தச் செய்தி உன் வாயிலிருந்து வராமல் தபால்காரர் கையிலிருந்து வந்தால் நான் என்னதான் நினைப்பது?

அந்தத் தனி வகுப்பைப் பற்றி நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். வராந்தாவின் கடைசி அறை. உள்ளே போன பிள்ளை திரும்பி வருவது அபூர்வம் என்றாய். மற்றப் பிள்ளைகள் அதற்கு ஒரு கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லி வருத்தப்பட்டாய். அந்த அறைக்கு என் மகளை அனுப்ப எனக்கு மனசில்லை. அப்படி ஒரு நிலைமை வந்தால் அவளை இங்கே கூட்டி வந்துவிடுவேன். விடுதிக்குப் பின்னாலேயே ஒரு பள்ளி இருக்கிறது. நான் வேலை முடிந்து வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாதுதான். அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கட்டும், என்ன செய்வது? உன் அண்ணனைக் கேட்கலாம் என்றால் அவர் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறதோ.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் இதைப் பேசலாம். ஆனால் ஃபோன் வந்தாலே அவள் உன் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதுபடப் பேசுகிற விஷயமா இது? அதனால் நீயும் கடிதமாகவே பதில் போடு.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

டீச்சரம்மா என்று எழுதிவிட்டீர்கள். சரி, வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. தலைமையாசிரியை தபால் போடப்போகிறார் என்று எனக்கே தெரியாது. கொஞ்ச நாளாகத்தான் இந்தத் தடுமாற்றம். அம்மாவைத் தேடுகிறாள், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். எழுதினால் நீங்கள் அங்கே சாப்பிடாமல் கிடப்பீர்கள் என்றும் பயம். கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர் காட்டிய எழுத்துப் பலகையில் கடைசி வரியையும் தாண்டி, ஓரத்தில் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு எங்களை அனுப்பிவிட்டார்.

தப்புகளும் விநோதமாக இருக்கின்றன அண்ணி. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். காகிதத்தில் ஐம்பத்து நான்கு என்று எழுதுகிறாள். மறுநாள் அதைத் தானே திருத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். அதற்கடுத்த நாள் வேறொரு தப்பு.

உங்கள் மகளுக்கு நான் சரியாகச் சொல்லித் தருவதில்லை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வரிக்கு வரி அதுதான் இருந்தது. என் வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எல்லோரையும் போல நன்றாகச் செய்கிறவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் வகுப்பு சந்தையாகிவிட்டது. ஒருவன் தன் நட்சத்திரத்தை உரித்து ஒரு அழிரப்பருக்கு விற்றான். வாங்கியவள் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அதோடு விட்டேன். 'நீ கெட்டிக்காரி' என்று சொல்வதையும் விட்டேன். அப்படிச் சொன்ன பிள்ளை அடுத்த கணக்கைத் தொடவே பயப்படுகிறது, அந்தப் பெயர் போய்விடுமோ என்று.

இப்போது நான் செய்வது ஒன்றே ஒன்று. பிள்ளை என்ன செய்தது என்று பார்த்து, அதை மட்டும், அதன் மேசைப் பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் புயல் என்று ஒருவன் இருக்கிறான், நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. 'இன்னைக்கு முடிக்கிற வரைக்கும் நீ எழுந்திருக்கல' என்றேன். அவ்வளவுதான். மறுநாள் நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். தும்மல் என்று ஒருத்தி, கழித்தலில் கடன் வாங்க மறந்துகொண்டே இருந்தாள். மறந்த இடத்தைத் தானே கண்டுபிடித்த அன்று அதைச் சொன்னேன். முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்!

பட்டாணிக்கு இதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. எல்லாம் முதல் தடவையிலேயே சரியாகச் செய்வாள். வீட்டில் அத்தை, வகுப்பில் டீச்சர் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். ஆசிரியர் அறையில் அன்றே ஐந்தாம் வகுப்பு டீச்சர், "என்னப்பா, இந்த வருஷம் முதல் ராங்க் உங்க வீட்டுக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அண்ணன் மகளுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று ஒருவர் வாயிலும் வராதபடி இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறேன்.

அவளை இங்கிருந்து பிரித்துக்கொண்டு போகிற பேச்சு மட்டும் வேண்டாம் அண்ணி. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

உங்கள் அன்பு நாத்தனார்


ஜூலை 14

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை டீ இடைவேளையில் படித்தேன். உன் வகுப்பில் புயலுக்கும் தும்மலுக்கும் நல்ல காலம் போல. சந்தோஷம்.

எனக்குப் பாராட்டில் எல்லாம் நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். என் வேலை அப்படி. செக்கிங் மேசைக்கு வருகிற ஷூவில் பசை வழிந்திருக்கிறதா, தையல் விலகியிருக்கிறதா, ஜோடியில் ஒன்று நிறம் வெளுத்திருக்கிறதா என்றுதான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். நன்றாக இருந்தால் பெட்டிக்குள் போகும். அதோடு நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கிறார். யாரைப் பார்த்தாலும் 'பிரமாதம்.' பசையைக் கொட்டினவளுக்கும் பிரமாதம். அவர் அந்தப் பக்கம் போனதும் நாங்கள் ஒருவருக்கொருவர் 'பிரமாதம்' சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம்.

ஆகவே நான் கேட்கப்போவதை வேறு யாராவது கேட்டிருந்தால் பரவாயில்லை. நானே கேட்க வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு ஃபோனில் நீ ஏதோ வேலையாக அடுப்படிக்குப் போனாய் அல்லவா? அப்போது பட்டாணியிடம் கேட்டேன்.

"அத்தை திட்டறாங்களாடி?"

"இல்லம்மா."

"பாராட்டறாங்களா?"

  "எனக்கு எதுக்கும்மா? நான் வீட்டுப் பிள்ளைதானே" என்றாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். 

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அவளுக்குக் கடைசியாக எப்போது ஒரு நல்ல வார்த்தை சொன்னாய்? யார் யாரோ பெற்ற பிள்ளைக்கெல்லாம் குனிகிற உன் முதுகு, உன் அண்ணன் பெற்ற பிள்ளைக்கு மட்டும் ஏன் வளையமாட்டேன் என்கிறது? அந்த ஐந்தாம் வகுப்பு டீச்சர் சிரித்துவிடுவாள் என்றா?

அண்ணி


ஜூலை 18

அண்ணிக்கு,

நேராகவே சொல்கிறேன். ஞாபகம் இல்லை.

போதுமா? இப்போது நானும் ஒன்று கேட்கலாமா? உங்கள் பிறந்தநாளுக்கு அவள் வீடு வரைந்து அனுப்பினாள். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தாள். உங்களிடமிருந்து என்ன பதில் வந்தது? 'ஜன்னல் கோணலாக இருக்கிறது, கதவுக்குக் கைப்பிடி இல்லை.' அதை அவளுக்கு வாசித்துக் காட்டியவள் நான். அவள் முகத்தைப் பார்த்தவளும் நான். நீங்கள் இல்லை. உங்கள் மகள் செக்கிங் மேசைக்கு வருகிற ஷூ இல்லை அண்ணி.

தேர்வுக்கு அவளைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.


ஜூலை 21

டீச்சரம்மா அவர்களுக்கு,

லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. தேர்வு முடிந்து அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன். பெரிய பையோடு வருகிறேன். அவளுடைய துணிமணிகளைத் துவைத்து எடுத்து வைத்திரு. தேறினாலும் சரி, தேறாவிட்டாலும் சரி.

ஜன்னல் கோணலாகத்தான் இருந்தது.


ஜூலை 27

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பட்டாணி பள்ளிக்கூட விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருக்கிற செருப்பையெல்லாம் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தாள். என் செருப்பு, அண்ணன் விட்டுப்போன ரப்பர் செருப்பு, குளியலறைச் செருப்பு, கடைசியில் அவளுடைய பள்ளி ஷூ, பாலிஷ் போட்டு. என் கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். அண்ணனுடைய ரப்பர் செருப்புக்கு முன்னால் நின்று, குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

"நேத்து கடன் வாங்க மறந்துட்டே. இன்னைக்கு நீயே கண்டுபிடிச்சுத் திருத்தினே பாரு, அதான்டா எனக்குப் பிடிச்சது."

என் வார்த்தை, என் குரல். நான் தலையைச் சாய்க்கிற விதம்கூட அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். குளியலறைச் செருப்புக்கும் ஒரு வார்த்தை கிடைத்தது. பிறகு பள்ளி ஷூவிடம் வந்தாள். குனியவில்லை. "நீ சரியாத்தான் பண்ணியிருப்பே, உக்காரு" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போய்விட்டாள்.

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. உள்ளே போய் செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"டீச்சர், அந்த ஷூவுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலையே?"

"அதுக்கு வேணாம் அத்தை. அது எல்லாம் சரியா பண்ணிடும்."

"பாவம் இல்லையா அது?"

கொஞ்சம் யோசித்தாள். "முன்னாடிதான் பாவம். இப்ப அது தப்பு பண்ணக் கத்துக்கிச்சு. தப்பு பண்ணிட்டு மறுநாள் திருத்தினா டீச்சர் பக்கத்துல வருவாங்கல்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. முகம் மாறிவிட்டது. அவசர அவசரமாகச் செருப்புகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் மூலையில் போட்டாள்.  

அவளுக்கு ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தெரியும் அண்ணி. எல்லாமே தெரியும். என் வகுப்பில் தப்பைத் திருத்துகிறவர்களுக்குத்தான் நல்ல வார்த்தை என்று அவள் கவனித்து வைத்திருக்கிறாள். திருத்துவதற்குத் தப்பு வேண்டும். தப்பு வராததால் தானே செய்துகொண்டாள். ஒருவர் வாயிலும் விழக்கூடாது என்று நான் இருந்த இருப்பில், அந்தச் சின்ன உடம்பு இந்த வேலையெல்லாம் செய்திருக்கிறது. என் கண்ணெதிரே செய்திருக்கிறது.

திங்கட்கிழமை ஒரு முட்டாள்தனமும் செய்தேன். சரியாக எழுதிய ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "எவ்வளவு அழகா எழுதியிருக்கா பாருங்க, எல்லாரும் கைதட்டுங்க" என்றேன். அவள் யாருக்கோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். தனக்கு என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். "டீச்சர் வீட்டுப் பொண்ணு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மறுநாள் வழக்கத்தைவிட அதிகத் தப்பு. நான் அவளைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் செய்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல.

'நீ வேணும்னே பண்றேன்னு எனக்குத் தெரியும்' என்று சொன்னால் கூசிப்போய்விடுவாள். சொல்லாவிட்டால் தேர்விலும் தப்பாகவே எழுதிவைப்பாள். கடைசி அறைக்குப் போய்விடுவாள். ஊருக்கெல்லாம் வழி சொல்கிறேன், எனக்கு வழி தெரியவில்லை.

படத்தைப் பற்றி நான் எழுதியது அதிகப்படி. மன்னியுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 31

அடி சின்னவளே,

படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன், பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோய் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்தாள். திருட்டுக் கழுதை! தப்பை உட்கார்ந்து தயார் செய்திருக்கிறாளே! இந்த மூளை உன் அண்ணன் வழி இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு உட்கார இப்போது நேரம் இல்லை.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். எங்கள் வரிசையில் ஒரு பெண்ணின் ஷூ தொடர்ந்து குறையில்லாமல் வந்தால் அவளை அதே தையலில் விட்டுவைக்க மாட்டோம். கஷ்டமான வளைவுத் தையலுக்கு மாற்றுவோம். அங்கே அவளுக்கும் ஊசி முறியும், நூல் அறும், திணறுவாள். பட்டாணி உன் கணக்கில் பொய்த் தப்புப் பண்ணுகிறாள் என்றால், நிஜத் தப்பு வருகிற கணக்காகக் கொடு. அவள் திணறட்டும். அப்போது நீ குனிந்தால் சமாதானத்துக்குக் குனிகிறாய் என்று அவள் நினைக்க முடியாது. டீச்சர் நீ, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இன்னொன்று. அந்தப் படம் என் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. காலையில் துணி எடுக்கும்போது பார்ப்பேன், ராத்திரி வைக்கும்போது பார்ப்பேன். அவளிடம் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'நன்றாக இருந்தது' என்று எழுதினால் எனக்கே அது சூப்பர்வைசர் பேசுகிற மாதிரி இருக்கிறது. நீ சொல்வாயே, என்ன செய்தார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று. படத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். குறையெல்லாம் தானாகக் கண்ணில் படுகிறது. மற்றது தெரிய வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் ஒன்று எழுதி, அவள் பேருக்குத் தனியாக ஒரு அட்டை போட்டிருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடு. சரியில்லாவிட்டாலும் கொடு.

பையோடுதான் வருகிறேன். அதில் மாற்றம் இல்லை.

அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் பஸ் ஏறுவதற்குள் இது கிடைத்துவிட வேண்டும்.

முதலில் அட்டை. 'மொட்டைமாடிக் கொடியில் மூன்று துணி காயப் போட்டிருக்கிறாய். அப்பா சட்டை, என் புடவை, உன் கவுன். எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளை வரைந்திருக்கிறாய் என்று புரிந்தது.' இதற்குமேல் ஒரு டீச்சர் என்ன சொல்லித் தர முடியும்? நான் வாசித்துக் காட்டவில்லை, அவளே படித்தாள். தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். ஒரு தோட்டத்தில் கோழியும் ஆடுமாகத் தலை பத்து, கால் இருபத்தெட்டு, கோழி எத்தனை ஆடு எத்தனை? இது பெரிய வகுப்புக் கணக்கு. கேட்ட எல்லோருக்கும் கொடுத்தேன், புயலும் ஒரு காகிதம் வாங்கிக்கொண்டான். பட்டாணி முதலில் அலட்சியமாக ஆரம்பித்தாள். பிறகு அழித்தாள். பிறகு காகிதத்தைக் கசக்கினாள். எனக்குக் கை துறுதுறுத்தது, போகவில்லை. மறுநாள் பத்து வட்டம் வரைந்து, எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு கால் போட்டாள். எட்டுக் கால் மிஞ்சியது. உடனே எட்டு ஆடு என்று எழுதிவிட்டாள். சரிபார்த்தால் கணக்கு உதைக்கிறது. பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது போய்க் குனிந்தேன்.

"எல்லாத்துக்கும் முதல்ல ரெண்டு ரெண்டு கால் போட்டுப் பார்க்கலாம்னு உனக்கே தோணியிருக்கு. நான் சொல்லித் தரல. அதுதான் இந்தக் கணக்குல கஷ்டமான இடம், அதைத் தாண்டிட்டே" என்றேன்.

அவள் நிமிரவே இல்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, மிகவும் மெதுவாக, "அத்தை, இது நிஜமாவே வந்த தப்பு" என்றாள்.

வகுப்பில் அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தெரியும்டா" என்றேன்.   கொஞ்ச நேரத்தில் ஆட்டுக்கு இரண்டு கால்தான் கூடுதல் என்று அவளே பிடித்துவிட்டாள். நான்கு ஆடு, ஆறு கோழி.

தேர்வன்று காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "எல்லாம் சரியா எழுதிட்டா அப்புறமும் பக்கத்துல வருவீங்களா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். பின்னல் கோணலாகப் போய்விட்டது, அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன்.

அவள் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டாள் அண்ணி. ஒரு தப்பு இல்லை. அதுதான் இப்போது வம்பாகிவிட்டது. "ஏழெட்டு தெரியாத பொண்ணு திடீர்னு எல்லாத்தையும் சரியா எழுதினா நான் என்ன நினைக்கறது?" என்கிறார் தலைமையாசிரியை. கேள்வித்தாள் என் மூலமாக வீட்டுக்குப் போய்விட்டது என்று ஆசிரியர் அறையில் பேச்சு. நான் எதற்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அவர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே என்ன முடிவாகிறதோ, அதுதான் அவள் எந்த அறையில் உட்காருவாள் என்பது.

நீங்களும் அன்றைக்குத்தான் வருகிறீர்கள். துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அவள் உங்கள் பிள்ளை, நான் தடுக்க மாட்டேன். அழாமல் அனுப்புவேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 16

அன்புள்ள சின்னவளுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். பஸ் நிற்கிற இடத்தில் நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாய், பட்டாணி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் நேராகப் பள்ளிக்குத்தான் வந்தேன். வராந்தாவில் பட்டாணி காத்திருந்தாள். இருவருமாகத் தலைமையாசிரியை அறைக்கு வந்தோம். கதவு சாத்தவில்லை. உள்ளே அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார், "உங்க அண்ணன் பொண்ணுங்கறதால…" என்று. நீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். நாங்கள் வெளியிலேயே நின்றுவிட்டோம்.

நீ சொன்னாய்: "ஆமா மேடம், என் அண்ணன் பொண்ணுதான். அதனாலதான் இத்தனை நாளா அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாம இருந்தேன், யாராவது ஏதாவது சொல்லிடுவாங்கன்னு. அவ சரியா பண்ணினதையெல்லாம் நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அதுக்குத்தான் அவ தப்பா எழுத ஆரம்பிச்சா. தப்பு என்னோடது. அவ நல்லா யோசிக்கிற பொண்ணு. நீங்களே கூப்பிட்டு எத்தனை கேள்வி வேணும்னாலும் கேளுங்க."

 கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாய், விரலெல்லாம் வெளுத்திருந்தது. வேலைக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்தும், 'தெரியவில்லை, பார்க்கிறேன்' என்று மழுப்பாமல் உன் தப்பை உன் வாயால் மேலதிகாரியிடம் சொன்னாய். அதுவும் ஒரு குழந்தைக்காக. இதை நான் பார்த்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். இத்தனை வருஷத்தில் உன் அண்ணி உனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கும் இல்லை. அதனால் இதை எழுத்தில் தருகிறேன்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அந்த அம்மா கேட்டதற்கெல்லாம் அவள் டக் டக்கென்று பதில் சொன்னதும், கடைசியாகக் கேட்டதற்கு, "இது எனக்குத் தெரியல மேடம், கொஞ்சம் யோசிக்கணும்" என்று தரையிலேயே உட்கார்ந்துகொண்டதும், அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்ததும். உன் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆக, கூட்டிக்கொண்டு போகக் காரணம் இல்லாமல் போய்விட்டது, அதனால்தான் நான் அவளை விட்டுவிட்டு வந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படி இல்லை. அவள் தேறினாலும் கூட்டிக்கொண்டு வருவது என்றுதான் கிளம்பினேன், எழுதியும் இருந்தேன்.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். கதவுக்கு வெளியே நின்றபோது அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு பிடிக்கிறாள், அதனால் அழுத்தமாகப் பிடித்திருந்தாள். நீ பேசப் பேச அவள் அசையாமல் கேட்டாள். 'நல்லா யோசிக்கிற பொண்ணு' என்று நீ சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள், எனக்குக் கேட்டதா என்று. பிறகு என் விரலை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். உன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நீ அப்போதுதான் திரும்பினாய்.

எனக்கு வலித்தது, மறைக்க மாட்டேன். வராந்தாவில் கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அங்கேதான் முடிவு செய்தேன், அவள் உன்னிடமே இருக்கட்டும் என்று.

உன் அண்ணி